இரு தரப்புக்கும் ஒரே வாய்

காத்திவாக்கம்
11.2.2024

அன்புத் தங்கை மங்கைக்கு அண்ணன் கருணாகரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணி நர்மதாவும் நன்றாக இருக்கிறோம். அனல்மின் நிலையச் சாம்பல் காற்று அடிக்கிற நாளில் எனக்கு இருமல் வருகிறது, மற்ற நாளில் இல்லை. ஓசூர் குளிர் உன் முழங்காலை என்ன செய்கிறது?

போனில் கூப்பிடாமல் தபாலில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. நம் மத்தியஸ்தர் போட்ட விதி இது. ராயபுரத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கும் சௌக்கத் அலி பாய்தான் மத்தியஸ்தர். சமரசம் செய்து வைப்பதற்கென்று வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். போன வருஷம் நம் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் வலைத் தகராறு வந்ததே, அதைத் தீர்த்தவர் அவர்தான். அன்றிலிருந்து சண்டை இல்லை. பேச்சுவார்த்தையும் இல்லை, ஆனால் சண்டை இல்லை.

ஊர் நிர்வாகிகள் அவரை ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க்காரர் இல்லை, நம் சாதி இல்லை, நம் சாமியைக் கும்பிடுகிறவர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் மீன் சாப்பிடுவதில்லை. இவ்வளவு நடுநிலையான ஆளை இந்தக் கடற்கரையில் எங்கே போய்த் தேடுவது என்று தலைவரே கேட்டார்.

நாம் போனில் பேசினால் நான் கத்துவதும் நீ வைத்துவிடுவதுமாக முடிகிறது என்று பாயிடம் சொன்னேன். அப்படியானால் தீர்வு வரும்வரை கடிதம்தான் என்றார். கடிதத்தில் முதலில் உடம்பை விசாரிக்க வேண்டும், அப்புறம்தான் வழக்கு என்றார். மேலே விசாரித்துவிட்டேன்.

வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். அப்பா விட்டுப்போன வீட்டில் பின்னறையை நீ குடியிருக்கக் கேட்கிறாய். அதில் என் வலைகளும் படகு எஞ்சினும் இருக்கின்றன. எஞ்சினை வெளியே வைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும். உன் தரப்பை எழுதி அனுப்பு.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்
கருணாகரன்


ஓசூர்
24.2.2024

அண்ணாவுக்கு மங்கையின் வணக்கம். முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது. இருமலுக்கு மிளகைப் பொடித்து வெல்லத்தோடு சாப்பிடு. என் உடம்பை விசாரிக்கச் சொன்ன பாய்க்கு என் நன்றியைத் தெரிவி. என் வீட்டுக்காரர் பொன்ராஜ் செத்த வருஷம் உனக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை.

என் தரப்பு சின்னது. பெண் பிள்ளைகள் விடுதியில் சமைக்கிறேன், விடுதியிலேயே படுக்கிறேன். இந்தப் படிப்பு வருஷத்தோடு விடுதியை மூடுகிறார்கள். மே மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். பழவேற்காட்டில் புகுந்த வீட்டுக்காரர்கள் அவருடைய கருமாதி அன்றே என் பெட்டியை வாசலில் எடுத்து வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மழை, அதனால் பெட்டிக்குக் குடை பிடித்திருந்தார்கள். மரியாதை தெரிந்த குடும்பம்.

ஆகவே எனக்கு அந்தப் பின்னறை வேண்டும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஆள். முன்வீடு உனக்கே. எஞ்சினுக்கு உப்புக்காற்று ஆகாது என்கிறாய். எனக்கும் ஐம்பத்தொன்று ஆகிறது.

அப்பா கடைசியில் படுத்துக் கிடந்தது அந்த அறையில்தான். அவரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தது யார் என்று ஊருக்குத் தெரியும். நீ அப்போது கடலில் இருந்தாய். கடலுக்குப் போகாத நாளிலும் கடலில்தான் இருந்தாய்.

கூட்டம் என்றைக்கு? லீவு சொல்லிவிட்டு வருகிறேன். இதை என் வாயால் சொல்கிறேன்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

மங்கை


காத்திவாக்கம்
10.3.2024

தங்கை மங்கைக்கு, இருவரும் சுகம். மிளகு சாப்பிட்டேன், இருமல் குறைந்து வயிறு எரிகிறது. நீயும் அதுபோல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ வந்து பேசுவதாக எழுதியிருந்ததை நிர்வாகிகளிடம் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். “கூட்டத்துல பொம்பள எந்திரிச்சி பேசினா அப்பால ஊருக்கு இன்னா மருவாதி கீது?” என்று தலைவர் கேட்டார். பெண்ணுக்காக அப்பன் பேசலாம், புருஷன் பேசலாம், வளர்ந்த மகன் பேசலாம், அண்ணன் தம்பி பேசலாம். அப்பா இல்லை, மச்சான் இல்லை, உனக்குப் பிள்ளையும் இல்லை. மிச்சம் இருப்பது நான்.

நான்தானே எதிர்த்தரப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குத் தலைவர், “அண்ணனா நீ எப்போலேர்ந்து கீறே? எதிர்த்தரப்பா எப்போலேர்ந்து கீறே? எது மொதல்ல வந்திச்சி?” என்றார். எல்லோரும் பாயைப் பார்த்தோம்.

பாய் சொன்னார்: ஊர் வழக்கத்தை அவர் மாற்றினால் ஒரு பக்கம் சாய்ந்தவர் ஆகிவிடுவார். வழக்கமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அது வழக்கத்தின் சாய்வு, மத்தியஸ்தருடைய சாய்வு ஆகாது. இவ்வளவு தெளிவாக நான் யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆகவே உனக்காகவும் நானே பேசுவேன். என்னிடம் வஞ்சனை கிடையாது, உனக்கே தெரியும். எனக்கு எதிராகப் பேச என்னைவிட விவரம் தெரிந்தவன் யார் இருக்கிறான்? மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஆம்பிளைகள் எல்லாம் கரையில் இருப்பார்கள். அப்போது ஏலக்கூடத்தில் கூட்டம். என்ன பேச வேண்டும் என்று எழுது, ஒரு வார்த்தை விடாமல் பேசுகிறேன்.

அண்ணன்
கருணாகரன்


ஓசூர்
16.3.2024

என் அண்ணனும் என் வக்கீலும் என் எதிரியுமான கருணாகரனுக்கு மங்கை எழுதுவது. மூன்று பேரும் சுகமா?

உன் கடிதத்தை விடுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டாவது படிக்கும் மகிழினி சட்டம் படிக்கப் போகிறவள். இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டாள். வராது, இது வாழ்க்கைக்கு வரும் என்றேன். குறித்துக்கொண்டாள்.

சரி, வழக்கம் என்றால் வழக்கம். என் வக்கீலிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறைக்குச் சுவர் எழும்பியபோது செங்கல் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொல். அப்பாவைப் பார்த்துக்கொண்டதைச் சொல். என் வீட்டுக்காரர் போனபிறகு நீ என்னை ஒருநாளாவது வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாயா என்று உன்னைக் கேள். கேட்டுவிட்டு உன் முகத்தைப் பார். பதில் வரும்வரை உட்காராதே.

கெஞ்சாதே. நான் கெஞ்சமாட்டேன், அதனால் நீயும் கெஞ்சக் கூடாது. என் தரப்பு பேசும்போது அழுதுவிடாதே, உனக்குச் சீக்கிரம் கண் கலங்கும்.

கூட்டத் தேதியை மறக்காமல் எழுது. பேச விடாவிட்டால் போகட்டும். ஏலக்கூடத்தில் மீன் விற்கும் கன்னியம்மா பக்கத்தில், கூடையோடு கூடையாக உட்கார்ந்து கேட்கிறேன். கூடை உட்காரக் கூடாது என்று ஊரில் வழக்கம் இல்லையே?

வெயில் வருகிறது, மோர் குடி.

மங்கை


காத்திவாக்கம்
22.4.2024

தங்கை மங்கைக்கு, நீ சொன்னபடி மோர் குடிக்கிறேன், உடம்பு தேவலை. உனக்கு வெயில் எப்படி?

நேற்று முதல் கூட்டம் முடிந்தது. தேதி திடீரென்று முடிவானதால் எழுத நேரமில்லை. ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

என் தரப்பைப் பேசும்போது நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன். உன் தரப்பைப் பேசும்போது எழுந்துபோய்த் தூண் ஓரமாக நின்று, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினேன். பெண் தரப்பு உட்கார்ந்து பேசினால் நன்றாக இருக்காது. முதலில் உன் தரப்பு. செங்கல் சுமந்ததைச் சொன்னேன். கெஞ்சவில்லை. “தோ பாரு, மங்கை பேசற மாதிரியே கீது” என்று கன்னியம்மா தூரத்திலிருந்து சொன்னாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தது அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் தலைவர் குறுக்கிட்டு, பெத்த அப்பனைப் பார்த்துக்கிட்டதுக்கு உன் தங்கச்சி கூலி கேட்கிறாளா என்றார். நான் உன் இடத்தில் நின்று யோசித்தேன். நீ ரோசக்காரி. கூலி கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஊரே தலையாட்டியது. உன் மானம் நேற்று என்னால் பிழைத்தது.

பிறகு உட்கார்ந்து என் தரப்பைச் சொன்னேன். கல்யாணத்தில் சீர் செய்து அனுப்பிய பெண்ணுக்குப் போன இடம்தான் வீடு என்றேன். சீர் செய்தது உண்மையா, பெண் தரப்பு பதில் சொல்லட்டும் என்றார் பாய். எழுந்துபோய் உண்மைதான் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? சீர்த் தட்டைத் தூக்கி வந்தவனே நான்தான்.

உன் தரப்பின் கடைசிக் கேள்விதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. மச்சான் போனபிறகு ஒருநாளாவது கூப்பிட்டாயா என்று நான் நல்ல சத்தமாகவே கேட்டேன். பிறகு நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். பதில் வரவில்லை. என் கஷ்டத்தைப் பார்த்துவிட்டுப் பாய் டீக்கு விட்டார். டீ குடித்து வந்தபிறகு அந்தக் கேள்வி யாருக்கும் ஞாபகம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் சமரசம். கவலைப்படாதே.

அண்ணன்
கருணாகரன்


ஓசூர்
29.4.2024

அண்ணாவுக்கு, வெயில் எல்லோருக்கும் போலத்தான் எனக்கும்.

நான் நன்றாகப் பேசியதாக அறிந்தேன். நான் ஒப்புக்கொண்டவற்றையும் அறிந்தேன். டீ முடிந்தபிறகு அந்தக் கேள்வியை என் தரப்பு ஏன் மறுபடி கேட்கவில்லை? என் வக்கீலும் டீ குடிக்கப் போய்விட்டாரா?

பாய்க்கே நேராக எழுதுகிறேன். எனக்கு வேறு வாய் வேண்டும், அல்லது என் வாய் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ படுத்தால் இரண்டு தரப்பும் படுத்துவிடும்.

மங்கை


ராயபுரம்
6.5.2024

மரியாதைக்குரிய சகோதரி மங்கை அவர்களுக்கு சௌக்கத் அலி எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நாங்கள் நலம். தங்களுக்கும் அவன் பூரண சுகத்தைத் தருவானாக.

தங்கள் கடிதம் கிடைத்தது. உறையை நான் பிரிக்கவில்லை. ஒரு தரப்பு மறு தரப்புக்குத் தெரியாமல் எழுதுவதை மத்தியஸ்தர் படிக்கக் கூடாது என்று வகுப்பின் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தரப்புகள் தங்கள் சார்பில் பேசுகிறவர் மூலமாகவே என்னிடம் வர வேண்டும். ஆகவே தங்கள் கடிதத்தைப் பிரிக்காமல், தங்கள் சார்பில் பேசும் கருணாகரன் அவர்களிடமே சேர்த்துவிட்டேன். அதில் ஏதேனும் குறை எழுதியிருந்தால் அவர் முறைப்படி என் முன் வைப்பார்.

தங்கள் வழக்கைக் கேள்விப்பட்டதிலிருந்து என் மனைவி ஜீனத் என்னோடு பேசுவதில்லை. காரணம் கேட்டால் ஒரு தரப்பின் கருத்தைக் கேட்டது போல் ஆகும் என்பதால் நானும் கேட்கவில்லை. வீட்டிலும் நடுநிலையாகவே இருக்கிறேன் என்பதைத் தங்கள் திருப்திக்காகத் தெரிவிக்கிறேன்.

தங்கள் நலம் நாடும்
சௌக்கத் அலி


காத்திவாக்கம்
19.5.2024

அன்புத் தங்கைக்கு, அண்ணனும் அண்ணியும் சுகம். உன் சுகத்துக்கு அம்மனை வேண்டிக்கொண்டேன்.

பாய்க்கு நீ எழுதிய கடிதம் என்னிடம் வந்தது. படித்தேன். என்னைப் பற்றி நீ எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. ஆனாலும் உன் சார்பில் பேசுகிறவன் என்ற முறையில் யோசித்தேன். அதைக் கூட்டத்தில் வைத்தால் ஊர் உன்மேல் கோபப்படும், உன் வழக்கு கெட்டுவிடும். உன் நன்மைக்காகவே வைக்கவில்லை. என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் உன் வழக்கை நான் கைவிடவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும்.

இன்று சமரசம் முடிந்தது. இரண்டு தரப்பும் ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் சமரசம் என்றார் பாய். நீ அறையை விட்டுக்கொடுத்தாய். நான் கோபத்தை விட்டுக்கொடுத்தேன். உனக்குப் பிறந்த வீட்டு மரியாதை எப்போதும் உண்டு. ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்கு வரலாம், முன்வீட்டில் தங்கலாம், புடவை எடுத்துக் கொடுக்கப்படும். திருவிழா முடிந்த மறுநாள் பஸ் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

உன் இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன், என் இடத்திலும் போட்டேன். இரண்டும் ஒன்று போல் இருக்கக் கூடாது என்று உன்னுடையதைச் சற்றுச் சாய்த்துப் போட்டேன். கடைசியில் இரண்டு தரப்பும் கை கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பாய். என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மனசு லேசாக இருக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

அண்ணன்
கருணாகரன்


ஓசூர்
27.5.2024

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தில் உடம்பை விசாரிக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டதல்லவா.

சமரசம் எனக்குச் சம்மதமா என்று நீ கேட்கவில்லை. நான் ஏற்கெனவே சம்மதித்துவிட்டதால் கேட்க வேண்டியதும் இல்லை. என்னைப் போல் இவ்வளவு ஒத்துப்போன எதிரி நம் ஊரில் வேறு எவனுக்கும் கிடைத்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை விடுதியைப் பூட்டுகிறார்கள். பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துவிட்டேன். மகிழினி தன் வீட்டுக்கு வரச் சொல்கிறாள். நல்ல பிள்ளை. பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு பெட்டியோடு போய் அவள் அம்மா எதிரில் நிற்க முடியுமா?

என் சார்பில் பேசினாய், ஒப்புக்கொண்டாய், கையெழுத்துப் போட்டாய். பசியையும் என் சார்பில் நீயே பட்டுவிட முடிந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மங்கை


ராயபுரம்
8.7.2024

சகோதரர் கருணாகரன் அவர்களுக்கு சௌக்கத் அலி எழுதிக்கொள்வது. நலம். தங்கள் குடும்பத்தார் அனைவரின் நலத்துக்கும் துவா செய்கிறேன்.

சமரசம் முடிந்தபின் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் மனக்குறை இல்லை என்று கடிதம் எழுதி, அதன் நகலை என்னிடம் தருவது முறை. தங்கள் கடிதம் வந்தது, மிக அழகாக இருந்தது. ஆனால் சகோதரிக்கு அதைத் தாங்கள் அனுப்பியபோது ‘ஆள் இல்லை’ என்று தபால்காரர் எழுதித் திருப்பிவிட்டதாகத் தெரிவித்தீர்கள். அவரைத் தேட நான் உதவ முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு தரப்பை மட்டும் தேடுவது மத்தியஸ்தருக்கு அழகல்ல. மன்னிக்கவும்.

ஒரு தரப்பின் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் இதை முடித்தால் தங்கள் பக்கம் சாய்ந்ததாகிவிடும். இதுவரை அப்படி ஒரு பெயர் எனக்கு வந்ததில்லை. சகோதரியின் சார்பில் எழுத ஊர் வழக்கப்படி உரிமை உள்ளவர் தாங்கள் ஒருவரே. அவர் நலம் என்பதும், அவருக்குத் திருப்தி என்பதும், இப்போதைய முகவரியும் இருந்தால் போதும்.

தங்கள்
சௌக்கத் அலி


14.7.2024

அன்புள்ள அண்ணன் கருணாகரனுக்குத் தங்கை மங்கை எழுதிக்கொள்வது. மங்கைக்காக இதை எழுதுவது அவள் அண்ணன் கருணாகரன்.

நான் நலமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். படுக்க வசதியாக இருக்கிறது.

சமரசத்தில் எனக்குத் திருப்தி. நானே வந்து பேசியிருந்தாலும் நீ பேசிய அளவுக்குப் பேசியிருக்க மாட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அண்ணி தினமும் என் நம்பருக்குப் போன் போட்டுப் பார்ப்பதாகவும் அது அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது என்றும் அறிந்தேன். கன்னியம்மா வியாபாரத்தை விட்டுவிட்டுப் பழவேற்காடு வரைக்கும் போய் விசாரித்து வந்ததையும் அறிந்தேன். மகிழினியின் அம்மாவும் நான் அங்கே வரவில்லை என்று சொன்னாராம். நீங்கள் யாரும் கவலைப்பட வேண்டாம். திருவொற்றியூர் கோயில் வாசலில் கையேந்துகிறவர்கள் வரிசையில் என்னைப் பார்த்ததாக ஒரு பெண் சொன்னாளாம். அது நான் இல்லை. நீயே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாயே, நான் இல்லைதானே.

மறுபடி போய்ப் பார்க்க வேண்டாம். போனால் வேறு கிழமையில் போ.

என் முகவரியைப் பாய் கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு வரி விட்டிருக்கிறேன்.

………………………………………………

இப்படிக்கு
மங்கை